கூடு விட்ட குஞ்சுகள்

இளவேனிற் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளின் கொல்லைப்புறம் தனி உலகமாகிவிடுகிறது. வேம்பு பூத்து உதிர்கிறது. புங்கு புதுத்தளிர் விட்டு நிற்கிறது. கிணற்றடி வாழையும், துவைகல்லை அடுத்த கொய்யாவும், வேலியோர மருதாணியும் அடர்ந்து நிழல் தருகின்றன. ஆள் நடமாட்டம் குறைந்த காலைப் பொழுதில் அங்குச் சிறிது நேரம் நின்று கவனிப்பவர்க்கு, பறவைகளின் போக்கு மற்ற மாதங்களில் இருப்பதுபோல் இல்லை என்பது புலனாகும். பிடித்த பூச்சியைப் பிடித்த இடத்திலேயே விழுங்கும் கொண்டைக்குருவி, இப்போது அதனை விழுங்காமல் அலகில் இடுக்கிக்கொண்டு கொடிக்கம்பத்தின்மேல் வந்து அமர்கிறது, இருபுறமும் பார்க்கிறது, வேலிக்குள் நுழைந்து மறைகிறது, சற்றைக்கெல்லாம் வெறும் அலகுடன் வெளிப்படுகிறது. அலகில் இரையைச் சுமந்து திரியும் பறவைக்கு எங்கோ ஓரிடத்தில் குஞ்சு உண்டு. கூட்டைத் தேடிப் புதர்களை விலக்க வேண்டுவதில்லை. இந்த அடையாளம் ஒன்றே போதும்.

பறவைகள் கூடு கட்டும் திறத்தைப் புகழாதவர் இல்லை. தூக்கணாங்குருவியின் கூட்டைப் படத்திலேனும் காணாத மாணவர் இரார். ஆயினும், கூட்டை விட்டு வெளிவந்த குஞ்சு நன்றாகப் பறக்கும் ஆற்றலைப் பெறும்வரை கழிக்கின்ற சில நாள்களைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. ஒரு பறவையின் வாழ்நாளில் இடர் மிகுந்த நாள்கள் அவையே. பூனையும் காகமும் பாம்பும் அந்நாள்களில் குஞ்சுக்குப் பகையாகின்றன. இவற்றோடு, இரக்கமுள்ள மனிதரும் தம்மை அறியாமலே பகையாகிவிடுகின்றனர்.

இதனை விளங்கிக்கொள்வதற்குக் குஞ்சு வளரும் முறையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். குஞ்சு என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது கோழிக்குஞ்சே. அது முட்டையை உடைத்துக்கொண்டு வெளிவரும்போதே கண் திறந்திருக்கிறது. உடலெங்கும் மென்தூவி போர்த்திருக்கிறது. ஈரம் உலர்ந்ததும் எழுந்து ஓடித் தானே இரை பொறுக்குகிறது. வாத்து, மயில், கௌதாரி ஆகியவற்றின் குஞ்சுகளும் அத்தகையனவே. ஆனால் மரத்திலும் புதரிலும் கூடு கட்டும் சிறு பறவைகளின் குஞ்சுகள் இவ்வாறு பிறப்பதில்லை. கொண்டைக்குருவியின் குஞ்சு பிறக்கும்போது குருடு. உடலில் இறகு என்பது இல்லை. தோலின் வழியே உள்ளுறுப்புகளின் நிழல் தெரியும். தலையைச் சில நொடிகளுக்குமேல் தூக்கி நிறுத்தவும் அதற்கு வலிமை இல்லை. முட்டைக்குள் முடிய வேண்டிய வளர்ச்சியில் பெரும்பகுதி அதற்கு வெளியில்தான் நடைபெறுகிறது. ஆகவே கூடு என்பது அதற்கு வீடு மட்டுமன்று. இன்னொரு முட்டையோடு என்றும் சொல்லலாம்.

மருதாணி வேலியில் ஆள் உயரத்துக்கும் குறைவாகவே கொண்டைக்குருவி கூடு கட்டிவிடுகிறது. மெல்லிய வேர்களாலும் காய்ந்த காம்புகளாலும் ஆன சிறு கிண்ணம் அது. முட்டைகள் இரண்டு அல்லது மூன்று. இளஞ்சிவப்புத் தரையில் செம்புள்ளி வாரி இறைத்தாற்போல் அழகாக இருக்கும். ஏறத்தாழ 14 நாள் அடைகாத்தபின் அவை பொரிக்கின்றன. குஞ்சுகள் பொரித்த அன்றிலிருந்து தாய்க்கும் தந்தைக்கும் ஓய்வில்லை. முதல் சில நாள்களில் குஞ்சின் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் உடையதன்று. இரவில் தாய் அதனை அணைத்துச் சூடு தர வேண்டும். சித்திரை வெயில் நேரே விழுமாயின், கூட்டின் விளிம்பில் நின்று சிறகை விரித்து நிழலும் தர வேண்டும். வளர்ந்த கொண்டைக்குருவி பழங்களை மிகுதியாக உண்பது. அத்தி, ஆல், உண்ணிச்செடி என எதனையும் விடாது. ஆனால் இளங்குஞ்சுக்கு அது கொண்டுவருவன பெரும்பாலும் புழுக்களும் பூச்சிகளுமே. விரைந்து வளரும் உடலுக்குத் தசையை ஆக்கும் உணவு வேண்டும்; அதனைப் பழம் தர இயலாது. தேனுண்டு வாழும் தேன்சிட்டும் தன் குஞ்சுகளுக்குச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடிக் கொணர்கிறது. பூச்சிக்கொல்லி மருந்து தெளித்த தோட்டத்தில் பூ இருக்கலாம், பழமும் இருக்கலாம்; குஞ்சுக்கு உணவு இராது.

கண் திறவாத குஞ்சு, தாய் வந்ததை எவ்வாறு அறிகிறது? நிக்கோ டின்பெர்கன் என்னும் டச்சு அறிஞர் தம் உடன் ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, பூங்குருவி இனத்துக் குஞ்சுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து 1939-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். கண் திறவாத குஞ்சுகளுக்குக் கூடு சற்றே அசைந்தால் போதும். தாய் வந்துவிட்டது என்று கொண்டு அவை கழுத்தை நேரே மேல்நோக்கி நீட்டி வாயைப் பிளக்கும். தாய் வலப்புறம் நின்றாலும் இடப்புறம் நின்றாலும் அவற்றுக்கு மேல்தான் திசை. கண் திறந்தபின் அசையும் பொருளைக் கண்டு வாய் பிளக்கின்றன; எனினும், சில காலம் பழைய வழக்கப்படி கழுத்து மேலேயே நீள்கிறது. பிறகுதான் தாயின் தலை இருக்கும் பக்கமாகத் திரும்பக் கற்கின்றன. அட்டையை வட்டமாக வெட்டி, அதன் விளிம்பில் சிறு வட்டம் ஒன்றைத் தலைபோல் ஒட்டிக் காட்டியபோதும் குஞ்சுகள் அச் சிறு வட்டத்தை நோக்கியே வாய் பிளந்தன. ஒரே உடலுக்கு இரு தலைகளை ஒட்டிக் காட்டினாலோ, உடலின் அளவுக்குப் பொருத்தமான தலை எதுவோ அதனையே நாடின. கண்ணும் அலகும் இறகும் இல்லாத அட்டையைத் தாயென்று எண்ணும் பேதைமை, எதன் தலை எதற்குப் பொருந்தும் என்று அறியும் நுண்மையோடு ஒரே குஞ்சினிடத்தில் கூடியிருந்தது! விலங்குகளின் நடத்தையை இவ்வாறு பொறுமையுடன் ஆராய்ந்த பணிக்காக டின்பெர்கனுக்கும் வேறு இருவருக்கும் 1973-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அட்டையும் கத்தரிக்கோலும் பொறுமையும் மட்டுமே அவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் தேவைப்பட்டன என்பது நினைக்கத்தக்கது.

பிளந்த வாயின் உட்புறம் பளிச்சென்ற நிறமுடையது. கடைவாய் இருபுறமும் மஞ்சளாகத் தடித்துப் புடைத்திருக்கும். இலைகளால் மங்கிய வெளிச்சத்திலும் இரையை வைக்க வேண்டிய இடம் தாய்க்குத் தவறாமல் தெரிவதற்கு இஃது உதவுகிறது. இரையை விழுங்கியதும் குஞ்சு சில வேளைகளில் திரும்பிப் பின்புறத்தை உயர்த்தும். அப்போது அதன் எச்சம் மெல்லிய தோலால் மூடப்பட்ட வெண்ணிற உருண்டையாக வெளிப்படுகிறது. தாயோ தந்தையோ அதனை அலகில் கவ்வித் தொலைவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். கூடு தூய்மையாக இருப்பதற்கு மட்டும் இவ்வேற்பாடு என்று எண்ணற்க. கூட்டின் அடியில் வெள்ளை எச்சம் சிதறிக் கிடந்தால், மேலே குஞ்சு இருக்கிறது என்று பகைக்கு அறிவிப்புப் பலகை எழுதி வைத்ததாக முடியும் அன்றோ?

இறகு முளைப்பது ஒரு தனிக் காட்சி. முதலில் தோலின்மேல் கருநீலக் குருத்துகள் முட்களைப்போல் நீள்கின்றன. ஒவ்வொரு முள்ளும் ஓர் உறை. உள்ளே குருதி பாய்ந்து இறகை வளர்க்கிறது. பின்னர் உறையின் நுனி வெடித்து இறகு விசிறிபோல் விரிகிறது. உதிர்ந்த உறைத்துகளைக் குஞ்சு அலகால் கோதி நீக்குகிறது. இவையெல்லாம் கண்ணெதிரே நடைபெறுவன போன்ற விரைவுடையன. ஏறத்தாழ 12 நாள் கழிந்ததும், குருடாய்ப் பிறந்த அந்தத் தசைத்துண்டு, இறகு போர்த்த பறவையாகக் கூட்டின் விளிம்பில் நிற்கிறது.

ஒரு நாள் காலை கூடு வெறுமையாக இருக்கும். குஞ்சுகள் பறந்துவிட்டன என்று காண்போர் எண்ணுவர். அவை பறக்கவில்லை, இறங்கிவிட்டன. கொண்டைக்குருவிக் குஞ்சு கூட்டை விடும்போது அதன் சிறகு முழு நீளம் பெறவில்லை. வாலோ குட்டையாக நிற்கிறது. கால்கள் மட்டும் நல்ல வலுப்பெற்றிருக்கின்றன. அது கிளைக்குக் கிளை தத்தும். சிறகடித்துச் சரிந்து இறங்கும். மேலே ஏற முடியாமல் செடியடியில் பதுங்கி நிற்கும். பறக்கத் தெரியாத பருவத்தில் கூட்டை விட்டு வெளியேறுதல் அறிவுடைய செயலா என்று கேட்கத் தோன்றும்.

பாதுகாப்பான இடம் கூடு என்பது மனிதரின் எண்ணம். பறவைக்கு அது நாளுக்கு நாள் பாதுகாப்புக் குறைந்த இடமாகிறது. மூன்று வாய்களும் வளர வளர உரக்க இரைகின்றன. பெற்றோர் இரண்டும் நாளெல்லாம் ஒரே புதருக்கு வந்து போகின்றன. சுவரின்மேல் படுத்திருக்கும் பூனையும், தென்னையில் அமர்ந்திருக்கும் காகமும், வேலியடியில் நடக்கும் செம்போத்தும் இவற்றைக் காணாமல் இல்லை. கூட்டைப் பகை கண்டுகொண்டால் மூன்று குஞ்சுகளும் ஒருங்கே அழியும். குஞ்சுகள் வெளியேறி, ஒன்று மருதாணியிலும், ஒன்று வாழைச்சருகின் இடையிலும், ஒன்று கறிவேப்பிலைச் செடியிலுமாகப் பிரிந்துவிட்டால், ஒன்றைப் பூனை பிடித்தாலும் மற்றவை பிழைக்க வழியுண்டு. செல்வத்தை ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டாமல் பல இடங்களில் பிரித்து வைக்கும் முன்னறிவு போன்றது இது. அதனால்தான் இக்குஞ்சுகளுக்குச் சிறகு முற்றும் முன்பே கால்கள் முற்றுகின்றன.

பெற்றோர் அவற்றைக் கைவிடுவதில்லை. ஒவ்வொரு குஞ்சும் தான் இருக்கும் இடத்தைக் குறுங்குரலால் அறிவிக்க, அங்கங்கே சென்று இரை ஊட்டுகின்றன. கொல்லையில் பூனை தலைகாட்டினால் பெற்றோரின் குரல் மாறிவிடும். அந்தக் கடுங்குரலைக் கேட்டதும் குஞ்சுகள் வாய்மூடி, உடலை ஒடுக்கி, சருகோடு சருகாக அசைவற்றுப்போகின்றன. இடர் நீங்கும்வரை பசியையும் மறந்து அவ்வாறே இருக்கும்.

மனிதனின் இரக்கம் குஞ்சுக்குக் கேடாக முடிவது இந்த இடத்தில்தான். செடியடியில் அசையாமல் நிற்கும் குஞ்சை ஒரு சிறுவன் காண்கிறான். கிட்டப் போனால் ஓடவில்லை. கையை நீட்டினால் பறக்கவில்லை. தாயைக் காணோம். கூட்டிலிருந்து தவறி விழுந்த அநாதை என்று முடிவு செய்து, அன்போடு எடுத்துப் போய் அட்டைப்பெட்டியில் பஞ்சு பரப்பி வைக்கிறான். பாலும் சோறும் ஊட்டுகிறான். வாயைப் பிரித்துத் தண்ணீர் விடுகிறான். பெரும்பாலும் மறுநாள் காலை குஞ்சு இறந்து கிடக்கிறது. சிறுவன் அழுகிறான். அவன் உள்ளத்தில் குற்றமில்லை. ஆனால் அவன் எடுத்தது அநாதைக் குஞ்சன்று. அவன் அங்கே நின்றமையால்தான் தாய் வரவில்லை. பத்தடி தொலைவில், அலகில் பச்சைப் புழுவுடன், அவன் போவதையே எதிர்நோக்கி அது காத்திருந்தது.

குஞ்சு இறப்பதற்கும் காரணம் உண்டு. பால் பறவைகளின் உணவன்று. அதனைச் செரிக்கும் ஏற்பாடு அவற்றின் குடலில் இல்லை. பூச்சியுண்டு வளரும் குஞ்சுக்குச் சோறு போதிய உரம் தராது. மூச்சுக்குழலின் வாயில் பறவைகளுக்கு நாக்கின் அடியை ஒட்டியே திறந்திருக்கிறது. மனிதன் ஊற்றும் நீர் எளிதில் அதனுள் புகுந்து நுரையீரலை அடைந்துவிடும். இளங்குஞ்சுக்கு வேண்டிய நீர், தாய் தரும் புழுவிலேயே உள்ளது. இவை தவிர, எதனை உண்ணலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்னும் பாடங்களைக் கற்கும் காலமும் அதுவே. மனிதர் கையில் பிழைத்து வளர்ந்த குஞ்சு, பூனையைக் கண்டு பதுங்கக் கற்காத பறவையாகத்தான் வெளியே போகிறது.

தரையில் காணும் குஞ்சுகள் எல்லாம் ஒரே நிலையில் உள்ளவை அல்ல. உடலில் இறகின்றி, கண்ணும் சரியாகத் திறவாமல் கிடப்பது உண்மையில் தவறி விழுந்த குஞ்சு. காற்றோ பகையோ தள்ளியிருக்கலாம். கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் அதனை மெல்ல எடுத்து உள்ளே வைத்துவிடலாம். மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்று முதியோர் பலர் கூறுவர். பெரும்பாலான சிறு பறவைகள் அக்காரணத்தால் குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு போர்த்து, குட்டை வாலுடன், காலூன்றி நிற்பதோ கூடு விட்ட குஞ்சு. அதற்கு வேண்டியது தனிமை. நடைபாதையிலோ எறும்புப் புற்றின் அருகிலோ இருந்தால், பக்கத்துச் செடியின் கிளையில் ஏற்றிவிட்டு அகன்று போவதே செய்யத்தக்க உதவி. வீட்டுப் பூனையை அரைநாள் அறையில் அடைத்து வைப்பது அதனினும் பெரிய உதவி. குஞ்சின் குரல் கேட்டு, பெற்றோர் அவ்விடம் வந்து சேரும்.

இவ்வளவு காப்பிருந்தும் குஞ்சுகளுள் பெரும்பான்மை முதல் ஆண்டைக் கடப்பதில்லை. இதனைச் சிறு கணக்கால் அறியலாம். ஓர் இணைப்பறவை ஆண்டுதோறும் இரண்டு மூன்று முறை கூடு கட்டி, முறைக்கு இரண்டு மூன்று குஞ்சுகளை வளர்க்கிறது. அவை யாவும் பிழைத்தால் சில ஆண்டுகளில் ஊரெங்கும் கொண்டைக்குருவியாகவே இருக்கும். பெற்றோர்க்கு ஈடாக இரண்டே இரண்டு குஞ்சுகள் பிழைத்து இனம் பெருக்கினாலும் பறவைத்தொகை குறையாது. மற்றவை காகத்துக்கும் பாம்புக்கும் ஓணானுக்கும் உணவாகின்றன. பாம்பும் தன் இனத்தைப் பெருக்கியே வாழ்கிறது. அதனை நொந்து பயனில்லை.

தையற்சிட்டு கொண்டைக்குருவியினும் மிகச் சிறியது. எடை 10 கிராமுக்கு மேற்படாது. கொய்யா, தேக்கு, கத்தரி போன்றவற்றின் அகன்ற இலையின் ஓரங்களை வளைத்து, அலகால் துளையிட்டு, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் நாராலும் தைத்துப் பையாக்கி அதனுள் கூடு அமைக்கிறது. இது தையலாயினும் முடிச்சு இல்லை. துளைவழியே இழுக்கப்பட்ட பஞ்சின் நுனி புறத்தே விரிந்து, தரையில் அறைந்த ஆணியின் தலைபோல் பிடித்துக்கொள்கிறது. தைத்தபின்னும் இலை பச்சையாகவே இருப்பதால் கூடு இருப்பது அருகில் நிற்பவர்க்கும் தெரிவதில்லை. கத்தரிக்காய் பறிக்கச் சென்றவர், இலையைத் திருப்பியபோது உள்ளே மூன்று வாய்கள் திறக்கக் கண்டு திடுக்கிட்டது உண்டு. குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வெளிவருகின்றன. வெளிவந்த நாளில் அவை எலுமிச்சங்காய் அளவுகூட இரா. இரவில் ஒரே கொம்பில் நெருக்கி அமர்ந்து உறங்குகின்றன. கூட்டை நெருங்குவோரைக் கண்டால், வாலை நிமிர்த்திக் கிளையில் தாவித் தாவித் தாய் எழுப்பும் குரல் அவ்வளவு சிறு உடலிலிருந்து வருவதென்று நம்புவது அரிது.

தவிட்டுக் குருவிகளின் முறையோ முற்றிலும் வேறு. அவை ஏழெட்டாகக் கூட்டம் கூடி, சருகைப் புரட்டி, ஓயாது கலகலத்துத் திரிகின்றன. கூடு ஓர் இணைக்கு உரியதே. எனினும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதில் கூட்டத்தின் மற்றப் பறவைகளும் பங்கு கொள்கின்றன. கூடு விட்ட குஞ்சு ஒன்று கிணற்றடியில் நின்று சிறகை நடுக்கி வாய் பிளந்தால், பெற்றோர் வருமுன் மாமனோ தமையனோ என்று சொல்லத்தக்க வேறொன்று வந்து புழுவை ஊட்டிவிட்டுப் போகிறது. வளர்ந்த பறவையின் கண் வெளிறிய நிறம். குஞ்சின் கண் கருமை கலந்தது. கூட்டத்தில் இளையது எது என்று இதனால் அறியலாம். குஞ்சைப் பூனை நெருங்கினால் கூட்டம் முழுவதும் சூழ்ந்து இரைச்சலிடும்.

இவ்வளவு கட்டுப்பாடுள்ள குடும்பத்திலும் அயலார் புகுந்துவிடுகின்றனர். கொண்டையும் கருப்பும் வெள்ளையுமாக உள்ள சுடலைக்குயில், தவிட்டுக் குருவியின் கூட்டில் அதன் முட்டையைப் போன்றே நீலப்பச்சை நிறமுள்ள முட்டையை இட்டுவிட்டுப் போகிறது. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு, பொரித்த சில நாள்களுக்குள்ளேயே உடனிருக்கும் முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் சுமந்து வெளியே தள்ளிவிடும். அம்மை குத்தும் முறையைக் கண்ட எட்வர்டு ஜென்னர் 1788-இல் இதனை எழுதியபோது பலர் நம்பவில்லை. சுடலைக்குயிலின் குஞ்சு அவ்வளவு கொடியதன்று. அயலார் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்துவிடுகிறது.

நம் கருங்குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதை அறியாதவர் இல்லை. காகத்தின் முட்டைக்கு ஏறத்தாழ மூன்று நாள் முன்னதாகவே குயிலின் முட்டை பொரிக்கிறது. முந்திப் பிறந்த குஞ்சு முந்தி இரை பெற்று முந்தி வளர்கிறது. பிந்திய காகக் குஞ்சுகளுள் சில போதிய உணவின்றி மடிவதும் உண்டு. வைகாசி, ஆனி மாதங்களில் மாமரக் கிளையில் அமர்ந்து இடைவிடாது இரைக்கும் குயிற்குஞ்சுக்குக் காகம் ஊட்டுவதைக் காணலாம். பெண்குஞ்சாயின் உடலில் வெண்புள்ளிகளும் தோன்றிவிட்டிருக்கும். ஆயினும் காகத்துக்கு ஐயம் எழுவதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது பழமொழி. தன் குஞ்சு எது என்ற இடத்தில்தான் சிக்கல். வளர்ந்த குயிலைக் கண்ட இடமெல்லாம் துரத்தும் அதே காகம், வாய் பிளந்த குயிற்குஞ்சின்முன் தோற்றுப்போகிறது. திறந்த வாய்க்கு இரை கொடு என்னும் தூண்டுதல், பறவையின் உள்ளத்தில் அத்துணை வலியது.

இவற்றையெல்லாம் காண்பதற்குக் காடு செல்ல வேண்டுவதில்லை. தமிழறிஞர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996), 1950 முதல் தம் இறுதி நாள்வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றி எழுதி வந்தார். யானைகளையும் பெருங்காடுகளையும் நன்கறிந்த அவர், வீட்டைச் சுற்றித் திரியும் காகத்தையும் அணிலையும் பற்றி எழுதும்போதும் அதே அக்கறையுடன் எழுதினார். பார்க்கத் தெரிந்தவர்க்கு வேலியும் காடே.

பார்ப்பதற்கும் முறை உண்டு. கூட்டிலிருந்து பத்துப் பதினைந்தடி விலகி, சுவர் நிழலிலோ சன்னலின் உட்புறமோ அசையாமல் அமர்வதே சிறந்தது. பறவை இரையுடன் கூட்டுக்குள் போகாமல் கம்பத்திலேயே நின்று குரல் கொடுத்தால், பார்ப்பவர் மிக நெருங்கி அமர்ந்திருக்கிறார் என்பது பொருள். பின்னே நகர வேண்டும். கூட்டை மறைக்கும் இலைகளை ஒடித்துவிட்டுக் கைப்பேசியால் படம் பிடிப்போர், அவ்விலைகளின் மறைப்பைப் பூனைக்கும் சேர்த்தே விலக்குகின்றனர். பறக்கும் பருவத்தை நெருங்கிய குஞ்சுகளைக் கிட்டப்போய்க் கலைத்தால், அவை ஓரிரு நாள் முன்னதாகவே கூட்டிலிருந்து குதித்துவிடும். ஓரிரு நாள் என்பது அவற்றின் சிறகுக்கு நெடுங்காலம். மருதாணி வேலியை ஆடியில் வெட்டினாலும் குறையொன்றுமில்லை. சித்திரையில் வெட்டினால் கூடு வெளிப்பட்டுவிடும். குறிப்பேடு ஒன்று வைத்து, எந்நாளில் இரை சுமக்கத் தொடங்கின, மணிக்கு எத்தனை முறை வந்தன, எந்நாளில் கூடு வெறுமையாயிற்று என எழுதிவரும் மாணவனுக்கு, மறு ஆண்டில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சொந்தமான செய்தி கையில் இருக்கும்.

கூடு விட்ட சில நாள்களில் குஞ்சு கொய்யாவின் உச்சிவரை ஏறிவிடுகிறது. வால் நீள்கிறது; கடைவாய் மஞ்சள் சுருங்குகிறது; வாலடியில் வெளிறியிருந்த நிறம் மெல்லச் சிவக்கிறது. தானே பூச்சியைத் துரத்துகிறது. பலமுறை தவற விடுகிறது. தாய் அருகில் வந்தால், வளர்ந்த உடம்பை மறந்து சிறகை நடுக்கி வாய் பிளக்கிறது. தாய் முதலில் ஊட்டுகிறது. பிறகு கண்டும் காணாததுபோல் திரும்பிக்கொள்கிறது. இன்னும் நெருங்கினால் அலகால் ஒரு குத்துக் குத்தி விலக்குகிறது. அடுத்து வரும் நாள்களுள் ஒன்றில், அதன் அலகில் புழுவுக்குப் பதிலாகக் காய்ந்த வேர் ஒன்று காணப்படும். வேலியின் மறுகோடியில் இரண்டாம் கூடு தொடங்கிவிட்டது.